கச்சான் காற்றும் அந்தூரியமும்: 36 பாகைச் சூட்டில் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, இலங்கையின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு 40 சாடி அந்தூரியம் வைத்திருக்கிறேன். மேற்குப் பக்கம் தகரம் போட்டுப் பத்தி இறக்கி, அதன் கீழே கறுப்பு நிழல் வலை கட்டியிருக்கிறேன். மாரியில் நல்ல சிவப்பாகப் பூத்தன. வைகாசி பிறந்ததிலிருந்து இலை ஓரம் கருகுகிறது. பூ சிறுத்து வெளிறிப் போகிறது. பகல் 2 மணிக்குப் பத்திக்குள் 36 பாகை காட்டுகிறது. ஏசி அறைக்குள் தூக்கி வைக்கட்டுமா? சாடியில் ஐஸ் கட்டி போட்டால் வேர் குளிரும் என்கிறார்களே, சரியா?

பதில்: தங்கச்சி, ஐஸும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். இலை 36 பாகையில் நின்று தண்ணீர் கேட்கிற நேரத்தில் வேரைக் குளிரப் பண்ணினால், வேர் தண்ணீர் இழுப்பதைக் குறைத்துவிடும். ஈரம் நிறைந்த சாடியிலேயே செடி வாடும். ஏசியோ காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். உங்கள் செடி ஏங்குவதே அந்த ஈரத்துக்குத்தான்.

அந்தூரியம் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் மழைக்காட்டுச் செடி. 1876 இல் எதுவார் அந்திரே என்ற பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவில் கண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே பெருமரங்களின் நிழலில், உக்கிய இலைகுழைகளுக்குள் வேர் விட்டு நிற்கும். பகலில் 25 முதல் 30 பாகை, காற்றில் 70 முதல் 80 வீத ஈரப்பதன் இருந்தால் அதற்குச் சுகம். 35 ஐத் தாண்டினால் இலை கருகத் தொடங்கும்; பூவின் சிவப்பு நிறமியும் சரியாக ஊறாது. உங்கள் பூ வெளிறுவது அதனால்தான்.

இனிக் காற்றைப் பார்ப்போம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்கும்போது சூடேறுகிறது. அதுதான் நம் கச்சான். வைகாசியில் தொடங்கி ஆவணி வரை இந்தப் பாடுதான். இலை தன் நுண்துளைகளால் ஈரத்தை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்த்திக் கொள்கிறது. கச்சான் அடிக்கும்போது ஈரம் போகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. இலை துளைகளை மூடிக்கொள்ளும். மூடியதும் வெயில் படுகிற இலையின் சூடு, சுற்றியுள்ள காற்றின் சூட்டையும் தாண்டிவிடும். பகல் 2 மணிக்கு ஓர் இலையின் அடிப்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணென்றிருந்தால் செடி சமாளிக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் துளை மூடிவிட்டது.

காற்றின் ஈரத்தை அளக்க இன்னொரு வெப்பமானி வாங்குங்கள். அதன் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி தண்ணீருக்குள் கிடக்க, பழைய வெப்பமானிக்குப் பக்கத்தில் இலை மட்டத்தில் தொங்கவிடுங்கள். சுவரில் ஆணி அடித்துக் கொழுவினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். இரண்டுக்கும் இடையில் 5 பாகைக்குள் வித்தியாசம் என்றால் ஈரப்பதன் 70 வீதத்தை ஒட்டி இருக்கிறது, பயமில்லை. 8 ஆனால் 55 வீதத்துக்கு இறங்கிவிட்டது. வெறும் 36 என்ற எண்ணைவிட இந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் தினமும் பார்க்க வேண்டும்.

பத்தியை மேற்குப் பக்கம் இறக்கியிருக்கிறீர்கள். கச்சான் வருவதும் பின்னேர வெயில் விழுவதும் அந்தப் பக்கந்தான். வீட்டின் கிழக்கே இடமிருந்தால் இந்த மூன்று மாதத்துக்குச் சாடிகளை அங்கே மாற்றிவிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டின் நிழலும் கிடைக்கும், சில நாட்களில் கடற்காற்றும் எட்டிப் பார்க்கும். மாற்ற வழியில்லையென்றால் மேற்கே கிடுகுத் தட்டி கட்டி, அதன் உட்புறம் சாக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டு, காலை 10 மணிக்கும் மத்தியானமும் நனையுங்கள். ஈரச் சாக்கைக் கடந்து வரும் காற்று சூடும் குறைந்து ஈரமும் ஏறி வரும். ஆனால் முழுவதும் அடைத்துவிடாதீர்கள். ஒரு வருடம் நான் கச்சானுக்குப் பயந்து என் பந்தலைச் சுற்றிப் பொலித்தீன் கட்டினேன். இரண்டே நாளில் உள்ளே அடுப்புப் போலக் காந்தி, ஆசையாக வளர்த்த கன்றுகளில் பாதிக்கு மேல் அவிந்துபோயின. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. எதிர்ப்பக்கமும் மேற்புறமும் காற்று வெளியேற வழி இருக்கவேண்டும்.

தகரத்தின் மேல் கிடுகு வேயுங்கள். அது ஒன்றே உள்ளே இறங்கும் அனலை நன்றாகக் குறைக்கும். வலை தலைக்கு மேல் முட்டுகிற உயரத்தில் இருந்தால் 8 அடிக்கு ஏற்றிக் கட்டுங்கள். கறுப்பு வலை சூட்டை வாங்கி இலைமேல் இறக்கும். 75 வீத நிழல் தரும் வலையா என்றும் பாருங்கள்.

சாடி கறுப்புப் பிளாஸ்டிக்கா? பின்னேரம் அதன் மேற்குப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், சுடும். அந்தப் பக்கத்து வேர்நுனிகள் பழுப்பாகிச் செத்திருக்கும். மண்சாடி தன் உடம்பால் ஈரத்தைக் கசியவிட்டுக் குளிரும். எல்லாவற்றையும் மாற்றச் செலவாகும் என்றால், சாடிகளைச் சீமெந்துத் தரையிலிருந்து எடுத்து, நனைத்த மணல் படுக்கையில் நெருக்கமாக அடுக்கி, வெளிவரிசையைச் சாக்கால் சுற்றிவிடுங்கள்.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். வெயிலில் கிடக்கும் குழாயிலும் கறுப்புத் தாங்கியிலும் முதலில் வருவது கொதிதண்ணீர். அதை வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள். இருட்டுவதற்குள் இலை காய்ந்திருக்கவேண்டும். ஈரத்தோடு இரவு தங்கினால் பக்றீரியாக் கருகல் நோய் செடிக்குச் செடி தாவும்.

ஒன்று மட்டும் எனக்குச் சந்தேகம். உங்கள் ஊர் கடலோரம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தால் அதுவும் இலை ஓரத்தைத்தான் கருக்கும். வெயில் சுட்ட தழும்பு இலையின் நடுவிலும் வெளிறித் திட்டாக விழும். உப்புக் கருகல் நுனியில் தொடங்கி ஓரத்தோடு ஓடும். சாடியின் விளிம்பிலும் உள்ளே போட்ட தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளிலும் வெள்ளைப் பூச்சுப் படிந்திருந்தால் உப்பேதான். குழாய்த் தண்ணீரால், அடியால் நன்றாக வடியும்வரை, ஒவ்வொரு சாடியையும் கழுவி விடுங்கள். பசளையைக் கச்சான் முடியும்வரை பாதி அளவாக்குங்கள். பொச்சை இனிப் புதிதாகப் போடும்போது பல தரம் தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகு போடுங்கள்.



கருகிய இலையை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அந்தூரியத்தில் ஒவ்வோர் இலைக் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும்; இலையை இழந்தால் செடியின் தெம்பும் போய்விடும். கருகிய ஓரத்தை மட்டும் கத்தரியுங்கள், செடிக்குச் செடி கத்தரியைக் கொதிக்கிற தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள். கருகினது பச்சையாகாது. தட்டியும் சாக்கும் கட்டிய பிறகு விரிகிற முதல் இலை ஓரம் சுத்தமாக வந்தால் வழி சரி. வராவிட்டால் இரண்டு வெப்பமானிகளும் 2 மணிக்குக் காட்டியதை ஒரு வாரத்துக்குக் குறித்து, சாடி விளிம்பின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள்.