நடக்காத ஒண்ண எப்படி மேடம் அளக்குறது? – வாசகர் கேள்வி பதில்

(வளரிளம் பருவத்துப் பசங்க போதை, சண்டை, குற்றம்னு போறதுக்கு முன்னாடியே குடும்பத்தோட சேர்ந்து வேலை செய்யுற தடுப்புத் திட்டங்கள் பத்தியும், அதையே ஆராய்ச்சித் தொழிலா எடுக்குறது பத்தியும் நீங்க அனுப்பின கேள்விகள்ல சிலது இந்த இதழ்ல. பதில் சொல்றவர் இதே துறையில பேராசிரியரா இருக்கிறவர்.)

மேடம், நான் எம்.ஏ. சைக்காலஜி கடைசி வருஷம். இந்தத் துறைய பத்தி சீனியர் ஒருத்தங்க சொன்னாங்க. இது கவுன்சிலிங் மாதிரியா, இல்ல வேறயா? நீங்க டெய்லி என்னதான் பண்ணுவீங்க?

வேறதாம்மா. கவுன்சிலிங்ல பிரச்சனை முதல்ல வரும், அப்புறம் ஆள் வருவாங்க. இங்க பிரச்சனையே இன்னும் வரல, வராமலே போகலாம், ஆனா நாம போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுறோம். அதான் இதுல இருக்கிற வேடிக்கையும் கஷ்டமும்.

ஒரு உதாரணம் சொல்றேன், புரியும். 1980கள்ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல கேரல் கம்ஃபர்னு ஒரு ஆராய்ச்சியாளர், போதைப் பழக்கத்துல இருக்கிற பெற்றோரோட குழந்தைகளுக்காக 14 செஷன் இருக்கிற ஒரு ப்ரோகிராம் போட்டாங்க. அத அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துல மாத்தி எழுதி, 10லருந்து 14 வயசுப் பசங்க இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் பொருந்துற மாதிரி 7 வாரமா சுருக்கினாங்க. வாரம் ஒரு தடவை 2 மணி நேரம். முதல் மணி நேரம் பெத்தவங்க ஒரு ரூம்ல, பசங்க வேற ரூம்ல. பெத்தவங்க கத்தாம ஒரு ரூல் போடுறது எப்படி, போட்ட ரூலை மறுநாளும் அதே மாதிரி காப்பாத்துறது எப்படின்னு பழகுவாங்க. பசங்க அந்தப் பக்கம், ஃப்ரெண்ட் கூப்பிடுறப்போ நட்பு உடையாம "வேணாம்டா"ன்னு எப்படி சொல்றதுன்னு பழகுவாங்க. ரெண்டாவது மணி நேரம் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து, இப்போ கத்துக்கிட்டத ஒருத்தர்கிட்ட ஒருத்தர் செஞ்சு பாக்கணும். அங்கதான் உண்மையான வேலை நடக்குது.

ஆனா ஆராய்ச்சியாளரா உங்க வேலை இந்த செஷன நடத்துறது இல்ல. நடத்தினதால ஏதாச்சும் மாறுச்சான்னு கண்டுபிடிக்கிறது. எந்தப் பள்ளிக்கு ப்ரோகிராம், எந்தப் பள்ளிக்கு இல்லன்னு குலுக்கல்ல முடிவு பண்ணி, ரெண்டு பக்கத்துப் பசங்களையும் வருஷக்கணக்கா விடாம பின்தொடர்ந்து, கேள்வித்தாள் நிரப்ப வச்சு, வீடு மாறிப் போனவங்கள தேடிப் பிடிச்சு... டெய்லி என்ன பண்றீங்கன்னு கேட்டீங்களே, பாதி நாள் ஃபோன் நம்பர் மாத்தினவங்கள தேடுறதுதான், மீதி கிராண்ட் (ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம்) எழுதுறது.

ரிட்டயர்ட் ஆசிரியர் நான். பெத்தவங்க அன்பா, கண்டிப்பா இருந்தா பிள்ளை ஒழுங்கா வளரும்னு எங்க பாட்டிக்கே தெரியும். இதுக்கு எதுக்கு கோடிக்கணக்குல செலவு பண்ணி ஆராய்ச்சி?

ஐயா, நியாயமான கேள்வி, இந்தத் துறைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் முதல் நாளே தன்ன கேட்டுக்க வேண்டிய கேள்வி. இதுக்கு நான் பெருசா வாதாட மாட்டேன், நடந்த ஒண்ண மட்டும் சொல்றேன்.

1930கள்ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல கேம்பிரிட்ஜ், சோமர்வில்னு ரெண்டு ஊர். ரிச்சர்ட் கேபட்னு ஒரு டாக்டர், வழி தவறிப் போக வாய்ப்பிருக்கிற பசங்களுக்காக ஒரு திட்டம் ஆரம்பிச்சார். மொத்தம் 506 பசங்க. வயசு, குடும்பம், குணம் எல்லாம் பாத்து ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்து, காசு சுண்டி ஒருத்தனுக்கு உதவி, இன்னொருத்தன அப்படியே விட்டாங்க. உதவி கிடைச்ச பையன் வீட்டுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை வாக்குல ஒரு கவுன்சிலர் போவார், வருஷக்கணக்கா. படிப்பு சொல்லிக் கொடுத்தாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, குடும்பச் சண்டைய தீர்த்து வச்சாங்க, லீவுல கேம்ப் அனுப்பினாங்க. குறை சொல்ல ஒண்ணும் இல்ல, நீங்களும் நானும் ஒக்காந்து திட்டம் போட்டாலும் கிட்டத்தட்ட இதத்தான் போடுவோம்.

திட்டம் முடிஞ்சு 30 வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்டுங்கிற ஆராய்ச்சியாளர் அந்தப் பசங்கள (அப்போ நடுத்தர வயசு ஆம்பளைங்க) தேடிக் கண்டுபிடிச்சு, 1978ல முடிவ வெளியிட்டாங்க. உதவி கிடைச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் "அந்தத் திட்டம் எனக்கு ரொம்ப உதவுச்சு"ன்னு சொன்னாங்க. ஆனா கோர்ட், ஆஸ்பத்திரி, இறப்புப் பதிவுகள எடுத்து ஜோடிக்கு ஜோடி ஒப்பிட்டா, உதவி கிடைச்சவங்கதான் மோசமா இருந்தாங்க. ஒண்ணுக்கு மேல குற்றம், குடிப்பழக்க அறிகுறி, தீவிர மனநோய், சீக்கிரமே இறந்து போறது, இதெல்லாம் அந்தப் பக்கம்தான் கூட.

ஏன்னு ரொம்ப நாள் குழப்பம். 1999ல டாம் டிஷன், மெக்கார்டு, பூலின் மூணு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரையில ஒரு விடை கிடைச்சுது, முக்கியமா ஒரு தடவைக்கு மேல சம்மர் கேம்ப் அனுப்பப்பட்ட பசங்கள்லதான் அந்தக் கெடுதல் தெரிஞ்சுது. பிரச்சனைக்கு வாய்ப்பிருக்கிற பசங்கள ஒண்ணா சேர்த்து வச்சா, ஒருத்தன் செஞ்ச சேட்டைக்கு இன்னொருத்தன் சிரிப்பான், அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசாயிடும். பசங்கள மட்டும் தனியா கூட்டி வச்சுப் பேசாம குடும்பத்தோட சேர்த்து வேலை செய்யணும்னு இந்தத் துறை சாஞ்சதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்போ யோசிங்கய்யா, அந்தக் காசு சுண்டல மட்டும் பண்ணாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? மூணுல ரெண்டு பேர் நல்லா இருந்துச்சுன்னு சொன்னத வச்சே அந்தத் திட்டத்த நாடு முழுக்க பரப்பியிருப்பாங்க. பாட்டிக்குத் தெரிஞ்சது தப்புன்னு நான் சொல்லல. பாட்டி சொன்னத ஒரு திட்டமா ஆக்கி ஆயிரம் வீட்டுக்குக் கொண்டு போறப்போ அது வேற ஒண்ணா மாறிடுது, அந்த வேற ஒண்ணு நல்லதா கெட்டதான்னு ஒப்பிட்டுப் பாக்காம யாருக்கும் தெரியாது, அத நடத்துறவங்களுக்கே தெரியாது.

எனக்கு 13 வயசுல பையன். ஆராய்ச்சிலாம் எனக்கு வேணாம் மேடம், பையன கண்காணிக்கணுமா விடணுமா? ஃபோன் செக் பண்ணா சண்டை, விட்டா பயம்.

கண்காணிப்பு பத்தி ஒரு முக்கியமான திருப்பம் 2000ல நடந்துச்சுங்க. அதுவரைக்கும் எல்லாரும், பையன் எங்க போறான் யாரோட இருக்கான்னு தெரிஞ்ச வீட்ல பிரச்சனை கம்மி, அதனால பெத்தவங்க நல்லா கண்காணிக்கணும்னு எழுதிட்டு இருந்தாங்க. ஸ்வீடன்ல ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் ஒரு எளிமையான கேள்வி கேட்டாங்க: அந்த விஷயம் பெத்தவங்களுக்கு எப்படித் தெரிய வந்துச்சு? பாத்தா, துருவித் துருவிக் கேட்டோ கட்டுப்பாடு போட்டோ தெரிஞ்சதவிட, பிள்ளையே வந்து தானா சொன்னதுதான் அதிகம். பிள்ளை சொல்ற மாதிரி வீடு இருக்கான்னுதான் அப்போ பாக்கணும். அதுக்காக ரூலே வேணாம்னு யாரும் சொல்லல.

சண்டை பத்தி சொன்னீங்க இல்ல, அத அணு அணுவா ஆராய்ஞ்சவர் அமெரிக்காவுல ஒரேகான் மாநிலத்துல இருந்த ஜெரால்ட் பேட்டர்சன். ஆராய்ச்சியாளர்கள் வீட்டுக்கே போய் ஒரு ஓரமா ஒக்காந்து, யார் என்ன சொன்னா அடுத்தவர் என்ன பண்றார்னு சில நொடிக்கு ஒரு தடவை குறிச்சுக்கிட்டே இருப்பாங்க. அப்படிக் குறிச்சதுல தெரிஞ்ச பேட்டர்ன் இதான். அம்மா "ஃபோன வை"ன்னு சொல்றாங்க (அவர் அத ஆராய்ஞ்ச காலத்துல பசங்க கையில செல்ஃபோன் இல்ல, உங்க வீட்டுக்காக மாத்தி சொல்றேன்). பையன் முணுமுணுக்கிறான். அம்மா குரல உசத்துறாங்க. பையன் கதவ அறைஞ்சு சாத்துறான். அம்மாவுக்குச் சலிச்சுப் போய் "எக்கேடோ கெட்டுப் போ"ன்னு விட்டுடறாங்க. அந்த நிமிஷம் வீடு அமைதியாயிடுது. அம்மாவுக்கு நிம்மதி, பையனுக்கு ஃபோன். ரெண்டு பேருக்கும் பரிசு கிடைச்சாச்சு. கதவ அறைஞ்சா வேலை ஆகும்னு அவன் கத்துக்கிட்டான், விட்டுட்டா அமைதி வரும்னு அம்மாவும் கத்துக்கிட்டாங்க. நாளைக்கு இதே சண்டை இன்னும் கொஞ்சம் மேல இருந்து ஆரம்பிக்கும்.

இத உடைக்க ப்ரோகிராம்ல சொல்லித் தர்றது ரொம்ப சாதாரணமா இருக்கும். ஒரு தடவை சொல்லுங்க, அமைதியா சொல்லுங்க, கேக்கலன்னா என்னன்னு முன்னாடியே பேசி வச்ச சின்ன விளைவு ஒண்ண கண்டிப்பா செய்யுங்க, அவன் கேட்ட அன்னைக்கு அத கவனிச்சுச் சொல்லுங்க. கடைசிய எல்லாரும் மறந்துடறோம். பையன் பழக்கவழக்கம் திடீர்னு மாறுது, படிப்பு சரியுது, தூக்கமே இல்லன்னா மட்டும் பத்திரிகை பதிலோட நிக்காம நேர்ல ஒரு மனநல நிபுணர பாருங்கம்மா.

எனக்கு மேத்ஸ் வராது. ஸ்டாடிஸ்டிக்ஸ் இல்லாம இந்தத் துறையில தப்பிக்க முடியுமா?

முடியாது தம்பி. சும்மா பயமுறுத்தல, ஒரு கணக்கு மட்டும் பாருங்க. 20 பள்ளி, பள்ளிக்கு 50 பசங்க, மொத்தம் 1000 பேர்னு பெருமையா எழுதுவோம். ஆனா ஒரே பள்ளில இருக்கிறவங்க ஒரே வாத்தியார், ஒரே தெரு, ஒரே கூட்டாளிங்கன்னு கொஞ்சம் ஒரே மாதிரி இருப்பாங்க. அந்த ஒற்றுமை, 0லருந்து 1 வரைக்குமான அளவுல, வெறும் 0.02தான்னு வைங்க. ஒரு பையனோட பள்ளில மத்தவங்க 49 பேர், அந்த 49ஐ 0.02ஆல பெருக்கி 1 கூட்டினா 1.98. 1000ஐ அதால வகுத்தா 505. உங்ககிட்ட இருக்கிற தகவல் கிட்டத்தட்ட 505 பேரோடதுக்குச் சமம்தான், பாதி போச்சு. இது தெரியாம ஸ்டடி ஆரம்பிச்சவங்க அஞ்சு வருஷம் கழிச்சு "முடிவு தெளிவா இல்ல"ன்னு எழுதிட்டு நிப்பாங்க. மேத்ஸ் மேதையா இருக்க வேணாம், இந்த மாதிரி நாலஞ்சு விஷயம் ரத்தத்துல ஊறணும், அவ்ளோதான்.

பிஎச்டி மூணாவது வருஷம். எங்க ட்ரயல்ல (குலுக்கல்ல ரெண்டு குரூப்பா பிரிச்சுப் பாக்குற சோதனை) ப்ரோகிராம் எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. கைடு "வேற ஏதாச்சும் அனாலிசிஸ் பண்ணிப் பாரு"ங்கிறார். என் கரியர் முடிஞ்சுதா?

முடியலம்மா. நீங்க தனி ஆளும் இல்ல. மேல சொன்னேனே அந்த 7 வார அயோவா ப்ரோகிராம், அங்க நடந்த ட்ரயல்கள்ல பசங்க குடி, போதைப் பக்கம் போறது குறைஞ்சதா வந்துச்சு, அத நம்பி மத்த நாடுகளும் எடுத்தாங்க. ஸ்வீடன்லயும் போலந்துலயும் பண்ண ட்ரயல்கள்ல குடியையோ போதையையோ குறைச்சதா தெரியல. அதே ப்ரோகிராமத்தான் அந்தந்த நாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டாங்க, ஆனா ஊர் வேற. சட்டம் வேற, பள்ளில ஏற்கனவே நடக்குற விஷயங்கள் வேற, கண்ட்ரோல் குரூப்புக்கு (ப்ரோகிராம் கொடுக்காத குரூப்) கிடைக்கிற "ஒண்ணுமில்ல"ங்கிறதே ஒவ்வொரு நாட்லயும் வேற வேற. இன்னொரு கசப்பான காரணமும் இருக்கு: ப்ரோகிராம உருவாக்கினவங்களே அத மதிப்பிட்டா முடிவு நல்லா வர்றதும், வெளியாளு பாத்தா சுருங்கிப் போறதும் இந்தத் துறையில அடிக்கடி நடக்குது. ட்ரெய்னிங்கும் புத்தகமும் விக்கிற ப்ரோகிராம்னா அதுல காசும் கலந்துடுது.

அதனால உங்க "வித்தியாசம் இல்ல"ங்கிறது ஒரு பதில். ஸ்டடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எந்த அளவீடு முக்கியம்னு பதிவு பண்ணியிருந்தா அதையே முதல்ல எழுதுங்க. ஒரு செஷன்கூட வராத குடும்பத்தையும் ப்ரோகிராம் குரூப்லயே வச்சு எண்ணுங்க, வந்தவங்கள மட்டும் பொறுக்கி எடுத்தா அக்கறையுள்ள வீடுகள மட்டும் ஒப்பிடுற மாதிரி ஆயிடும். அப்புறம் எத்தன பேர் வந்தாங்க, நடத்துனர் புத்தகத்துல இருந்தத எவ்ளோ நடத்தினார்னு பாருங்க, பல சமயம் கதை அங்கதான் இருக்கு. கைடு சொல்ற "வேற அனாலிசிஸ்" பண்ணலாம், ஆனா பின்னாடி யோசிச்சுப் பண்ணதுன்னு தெளிவா எழுதிட்டுப் பண்ணுங்க. ஆம்பளப் பசங்க, பொம்பளப் பசங்க, வசதி குறைஞ்சவங்கன்னு வெட்டிக்கிட்டே போனா எங்கயாச்சும் ஒரு இடத்துல ஸ்டார் (வித்தியாசம் இருக்குன்னு காட்டுற குறி) தற்செயலா விழத்தான் செய்யும், அத நம்பி அடுத்த கிராண்ட் எழுதினா சிரமம் உங்களுக்குத்தான்.

கரியர் கவலைக்கு ஒரு நடைமுறை யோசனை. தடுப்பு ஆராய்ச்சில பலன் தெரிய 5, 10 வருஷம் ஆகும், வேலை நிரந்தரம் ஆகுறதுக்கு உங்களுக்கு அவ்ளோ நேரம் தர மாட்டாங்க. இந்த ரெண்டு கடிகாரமும் எப்பவும் ஒத்துப் போகாது. சொந்த ட்ரயல் ஒரு பக்கம் ஓடட்டும், இன்னொரு பக்கம் ஏற்கனவே பெரிய டீம்கள் வருஷக்கணக்கா சேர்த்து வச்ச டேட்டாவ கேட்டு வாங்கி அதுல உங்க கேள்விய கேளுங்க. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஜீன் பிராடிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 11 வயசுல 7 செஷன் குடும்ப ப்ரோகிராம் எடுத்த கறுப்பினப் பசங்கள திரும்ப 19 வயசுல பாத்து, ரத்தத்துல அழற்சி (இன்ஃப்ளமேஷன்) அளவுகூட குறைஞ்சிருந்துச்சுன்னு 2014ல எழுதினாங்க. அந்தக் கேள்வி முதல் நாள் மனசுல இருந்திருக்கணும்னு அவசியமே இல்ல, பசங்கள விட்டுடாம பிடிச்சு வச்சிருந்தாங்க, அதனால கேக்க முடிஞ்சுது.

உங்களுக்கே குழந்தை இல்லாம எப்படி பெத்தவங்களுக்குச் சொல்லித் தர முடியும்னு என்கிட்ட கேக்குறாங்க. என்ன பதில் சொல்ல?

சொல்லித் தர வரல, கத்துக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க. பொய்யும் இல்ல. அதோட செஷன நடத்துறது பெரும்பாலும் அந்த ஊர்க்காரங்கதான்.

இந்த ப்ரோகிராமுக்கெல்லாம் அப்பாக்கள் வர்றாங்களா?

கம்மி. அம்மாதான் வருவாங்க, ஆராய்ச்சிக் கட்டுரைல "பெற்றோர்"னு போட்டிருந்தா பாதிக்கு மேல அது அம்மான்னு எடுத்துக்கலாம். நேரம், பஸ், சின்னக் குழந்தைய யார் பாத்துப்பா, இந்த மூணும் தீராம அம்மாவாலயும் வர முடியாது. தென்னாப்பிரிக்கால ஈஸ்டர்ன் கேப் பகுதில 552 குடும்பத்தோட ஒரு பெரிய ட்ரயல் நடந்துச்சு, 2018ல முடிவு வந்துச்சு, அதுல வார செஷனுக்கு வர முடியாத குடும்பத்துக்கு நடத்துனரே வீட்டுக்குப் போய் அந்த வாரப் பாடத்த சொல்லிட்டு வருவாங்க. வரல வரலன்னு புலம்புற டீம்கிட்ட நான் முதல்ல கேக்குறது, செஷன் எத்தன மணிக்கு வச்சிருக்கீங்கன்னுதான். மத்தியானம் மூணு மணிக்கு வச்சுட்டு அப்பா வரலன்னு எழுதுறாங்க.