புது ஏர் ரைஃபிள்: கை கோணலா, பேரல் கோணலா?

கேள்வி: கோவையில் ஒரு கடையில் போன வாரம் புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கினேனுங்க. பேரலை மடக்கி லோடு பண்ணும் ஸ்பிரிங் மாடல், 0.177 அங்குலக் குழல். கூடவே ஒரு ஸ்கோப்பும் மாட்டிக் கொடுத்தார்கள். தோட்டத்தில் 10 மீட்டரில் அட்டை வைத்துச் சுட்டால் ஐந்து பெல்லட்டும் (ஈயக் குண்டு) ஐந்து பக்கம் போகிறது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. கை ஆடுகிறதோ என்று மணல் மூட்டை மேல் வைத்து இறுக்கிப் பிடித்தும் பார்த்தேன், இன்னும் மோசம். கடைக்காரர் "பழகப் பழகச் சரியாயிரும்" என்கிறார். பேரல் கோணலா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? கடலைக்காய்க் காட்டில் மயில் தொல்லை வேறு தாங்க முடியவில்லை.
— வாசகர், தாராபுரம் பக்கம்

பதில்: மயிலை முதலில் முடித்துவிடுவோம். முருகன் வாகனம் என்பதற்காகச் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை அது. சுட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை. ஏர் கன் தானே என்கிற பேச்சு அங்கே எடுபடாது. ரைஃபிள் அட்டையோடு நிற்கட்டும்.

இனி உங்கள் ரைஃபிள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: மூட்டை மேல் வைத்து இறுக்கிப் பிடித்ததும் இன்னும் மோசமானது. ஸ்பிரிங் ரைஃபிளில் அப்படித்தான் ஆகும். ட்ரிகரை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அடுத்த நொடித் துணுக்கில் பிஸ்டன் காற்றில் மோதி நிற்க, துப்பாக்கி முன்னால் குதிக்கிறது. இவ்வளவு நடக்கும்போதும் பெல்லட் பேரலை விட்டு வெளியே போயிருக்காது. அந்தக் குலுக்கலை உங்களால் நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குலுங்க விடலாம், அவ்வளவுதான். இறுக்கிப் பிடித்தால் ஒரு தடவை இறுக்கம் கூடும், ஒரு தடவை குறையும், பெல்லட்டும் அதன்படி அலையும். மூட்டை மேல் நேரடியாக வைத்தாலோ துப்பாக்கி துள்ளி எழும்.

அதனால் இடது உள்ளங்கையை விரித்து, ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்குச் சற்று முன்னால், துப்பாக்கிக் கட்டையை அதன்மேல் சும்மா வையுங்கள். விரலை மடக்க வேண்டாம். வலது கை கோழிக்குஞ்சைப் பிடிக்கிற பிடியில் இருக்கட்டும். தோளில் பட்டும் படாமலும். மூட்டை வேண்டுமென்றால் உங்கள் புறங்கையை மூட்டை மேல் வைத்து, உள்ளங்கையில் ரைஃபிளை வையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தட்டு கிண்ணமாகிவிடும்.

அப்புறம் திருகுகள். முன்கட்டையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். புதுத் துப்பாக்கியில் அந்த உதையில் இவை தானாகவே தளரும். என் முதல் ரைஃபிளுக்கு மூன்று மாதம் பெல்லட் மாற்றினேன், ஸ்கோப் மாற்றினேன், கடைக்காரரிடம் சண்டை போட்டேன். கடைசியில் முன்கட்டைத் திருகு ஒன்று விரலாலேயே சுழன்றது. செலவழித்த காசைச் சொன்னால் வீட்டில் இன்னும் திட்டு விழும். சரியான அளவுத் திருப்புளியால், கட்டை நசுங்காத அளவுக்கு இறுக்குங்கள்.

பேரலுக்குள் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ஆரம்பத்தில் சுடும்போது புகை, எண்ணெய் கருகும் வாடை, படார் என்ற சத்தம் வந்தால் அந்த எண்ணெய்தான் எரிகிறது, வேகமும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஸ்பிரிங் லோடாகாத நிலையில், பஞ்சு நூலில் கட்டிய திருப்பூர் பனியன் வேஸ்ட் துண்டு இரண்டை பேரல் வழியே இழுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அதன்பிறகும் சில நூறு பெல்லட் போனால்தான் ஸ்பிரிங் அடங்கும். கடைக்காரர் சொன்னதில் அவ்வளவுதான் உண்மை.

பெல்லட்டை மலிவாக வாங்கியிருந்தால் டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். பின்பக்கக் குழிந்த விளிம்பு நசுங்கியவற்றைத் தள்ளிவிட்டு, 10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட்டை இரண்டு மூன்று கம்பெனியில் வாங்கிப் பாருங்கள். ஒரே மாடலில் ஒரு துப்பாக்கிக்குப் பிடிப்பது இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஈயம்; தொட்டால் கை கழுவுங்கள்.

ஸ்கோப்தான் எனக்கு அடுத்த சந்தேகம். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு அமைத்தவை. 10 மீட்டரில் கண் சற்று நகர்ந்தால் குறியும் நகரும். ஸ்பிரிங்கின் இருபக்க உதையில், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் பின்னால் நழுவுவதும் உண்டு. ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியோடு வந்த சைட்டில் (பேரல் மேலிருக்கும் குறிமுள்) சுடுங்கள். சிதறல் குறைந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து ஐந்தாகச் சுட்டு, அட்டையில் தேதியும் பெல்லட் பெயரும் எழுதி வையுங்கள். ஐந்தும் ஒரே இடத்தில் கூடி, குறிக்கு வெளியே விழுந்தால் பழுதில்லை. சைட்டைத் திருப்பினால் போதும். எல்லாம் செய்தபிறகு 10 மீட்டரில் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் வரவேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

வரவில்லையென்றால் கடைக்குத்தான். பூட்டியபிறகும் பேரல் பக்கவாட்டில் ஆடுகிறதா, பேரல் வாயில் வெட்டோ பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டு வைத்துச் சுட்டால் அது பறந்தால் சீல் கசிகிறது. இவை தயாரிப்புக் குறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. போன வாரம்தான் வாங்கினீர்கள், நாள் இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள், அட்டைகளையும் காட்டுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: என் ரைஃபிள் டப்பாவில் வினாடிக்கு 1000 அடி வேகம் என்று போட்டிருக்கிறது, ஆனால் அவ்வளவு வருவதாகத் தெரியவில்லை. மெக்கானிக் ஒருவர் கனமான ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: வேண்டாமுங்க. 0.177 அளவில், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்குத்தான் நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. சாதாரணமாகக் கிடைக்கும் 8 கிரெய்ன் பெல்லட், அதாவது அரை கிராமுக்குச் சற்று மேல், வினாடிக்கு 1000 அடியில் போனால் கணக்குக்கு 24 ஜூல் வரும். டப்பாவில் போட்ட எண் பெரும்பாலும் மிக லேசான உலோகக் கலவை பெல்லட்டில் அளந்தது. கனமான ஸ்பிரிங் போட்டால் உதை கூடும், குறி குறையும், வாரண்டி போகும், போலீஸ் கேட்டால் பதில் சொல்வதும் நீங்கள்தான், மெக்கானிக் இல்லை.