மச்சத்துக்கு பயாப்சி ரிப்போர்ட் வந்துருக்கு, இருக்கறத எல்லாம் வித்துடலாமா?

கேள்வி: வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டையில சின்னதா கொலுசு பட்டறை வெச்சிருக்கேன், வியாபாரிங்க வெள்ளி குடுப்பாங்க, கூலிக்கு செஞ்சு தருவோம். சம்சாரத்துக்கு 38 வயசு, பொறந்த ஊரு ஏற்காடு. அவ உள்ளங்கால்ல சின்ன வயசுல இருந்து ஒரு மச்சம், ஆறு மாசமா பெருசாகிட்டே வந்துச்சு. பயாப்சில டிஸ்பிளாஸ்டிக் நீவஸ், சிவியர்னு போட்டுருக்கு. கேன்சர் இல்ல, ஆனா கேன்சருக்கு முன்னாடி நிலை மாதிரினு டாக்டர் சொல்றாரு, சுத்தி இன்னும் கொஞ்சம் வெட்டி எடுக்கணுமாம், 45,000 ஆகுமாம். அவகிட்ட சின்ன ஆபரேஷன்னு மட்டும் சொல்லிருக்கேன். 2020-ல எடுத்த 5 லட்சம் ஃபேமிலி பாலிசி விடாம கட்டிட்டு இருக்கேன், மூணு வருஷமா 10 லட்சத்துக்கு ஒரு கிரிட்டிகல் இல்னஸ் பாலிசியும் (பெரிய நோய் வந்தா மொத்தமா பணம் தர்றது) இருக்கு. பையன் காலேஜுக்கு 3 லட்சம் எஃப்.டி, அவ நகை 15 பவுன், பட்டறையில சொந்த வெள்ளி கொஞ்சம். எல்லாத்தையும் பணமாக்கி சென்னைக்கு கூட்டிட்டு போனு அண்ணன் சொல்றாரு. பழைய பாலிசிய விட்டுட்டு 25 லட்சத்துக்கு புதுசா போடுங்க, மச்சத்தை பத்தி எழுத வேண்டாம்னு ஏஜென்ட் சொல்றாரு. அந்த 10 லட்சம் கிடைக்குமா? தூக்கமே இல்லைங்க.

பதில்: தம்பி, முதல்ல எதையும் விக்காதீங்க. நகை, வெள்ளி, எஃப்.டி எதுவும் இந்த வாரம் கை வெக்க வேண்டாம். உங்க அண்ணன் பாசத்துல சொல்றாரு, அது எனக்கு நல்லா புரியுது, ஏன்னா எங்க அக்காவுக்கு ஒரு கட்டினு வந்தப்ப நானே ரெண்டே நாள்ல அப்பா போட்டு வெச்சிருந்த பாலிசிய சரண்டர் பண்ணி, கட்டுன காசுல பெரும்பகுதிய விட்டுட்டு வந்தேன், அப்புறம் ரிப்போர்ட் வந்து அது சாதா கொழுப்பு கட்டினு தெரிஞ்சது. அந்த ரெண்டு நாள்ல நான் பண்ணதெல்லாம் அக்காவுக்காகன்னுதான் நெனச்சேன், உண்மையில என் பயத்துக்காக பண்ணது.

உங்க ரிப்போர்ட்ல இருக்கறது கேன்சர் இல்ல. இந்த மாதிரி மச்சம் பெரும்பாலும் மெலனோமாவா, அதாவது மச்சத்துல வர்ற மாதிரியான தோல் கேன்சரா, மாறுறதே இல்ல. ஆனா சிவியர்னு வந்தா மைக்ராஸ்கோப்ல பாக்கறதுக்கு ஆரம்ப நிலை மெலனோமா மாதிரியே இருக்கும், பிரிச்சு சொல்றது கஷ்டம், அதனாலதான் ஓரத்துல எதுவும் மிஞ்சக்கூடாதுனு சுத்தியும் எடுக்கறாங்க. நம்ம ஊர் ஆளுங்களுக்கு மெலனோமா வர்றதே அபூர்வம், வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் அதிகம் வருது, அதனால டாக்டர் கால் மச்சத்தை விடாம பாக்கறது சரிதான். அதாவது தம்பி, இப்ப உங்களுக்கு தேவை இன்னைக்கே ஒரு பெரிய தொகை இல்ல, சின்ன சின்ன தொகை, ஆனா பல வருஷத்துக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, இல்ல வருஷத்துக்கு ஒரு தடவ உடம்பு பூரா மச்சம் பாத்துக்கணும்னு சொல்லுவாங்க, அதுக்கு தயாரா இருக்கணும்.

அடுத்தது ஏஜென்ட் சொன்னது. கண்டிப்பா வேண்டாம். புது பாலிசி ஃபார்ம்ல உடம்பு விவரத்துக்கு கீழ உங்க சம்சாரத்துக்காகவும்தான் உறுதிமொழி போகுது. அவங்களுக்கு விஷயமே முழுசா தெரியாது, தெரியாத ஒரு பொய்ய அவங்க தலையில ஏத்தறீங்க. நாளைக்கு ஒரு க்ளைம் வந்தா இந்த பயாப்சி தேதிய கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும், க்ளைமும் போகும் பாலிசியும் போகும். இதுல கொடுமை என்னன்னா கையில இருக்கற நல்லதை விட்டுட்டு இதை வாங்க சொல்றாரு. உங்க பழைய பாலிசி அஞ்சு வருஷம் விடாம ஓடிருச்சு. 2024-ல இன்சூரன்ஸ் கம்பெனிகளை கட்டுப்படுத்தற ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொண்டு வந்த விதிப்படி 60 மாசம் தொடர்ச்சியா கட்டிட்டா, மோசடினு நிரூபிச்சா ஒழிய, அதை மறைச்சீங்க இதை சொல்லலைனு க்ளைம மறுக்க முடியாது. மச்சம் சின்ன வயசுல இருந்தே இருக்கேனு பயப்படாதீங்க, பாலிசி எடுக்கறதுக்கு முந்தின 36 மாசத்துக்குள்ள டாக்டர் கண்டுபிடிச்ச, இல்ல வைத்தியம் சொன்ன நோயைத்தான் ஏற்கனவே இருந்த நோய்னு எடுத்துப்பாங்க. உங்க சம்சாரத்துக்கு அப்ப அப்படி எதுவும் இல்லையே. கவரேஜ் கூட்டணும்னா ரினிவலப்ப இதே கம்பெனில மச்சத்தை சொல்லியே கேளுங்க, கூட்டுன தொகைக்கு மட்டும் புதுசா காத்திருக்கணும், அவங்க மாட்டேன்னும் சொல்லலாம், சொன்னாலும் பழைய 5 லட்சம் அப்படியே இருக்கும். உங்களுக்கும் பையனுக்கும் தனியா ஒரு சூப்பர் டாப்அப் (ஒரு வருஷ ஆஸ்பத்திரி செலவு குறிப்பிட்ட தொகைய தாண்டுனா அதுக்கு மேல தர்ற பாலிசி) போட்டு வெச்சுக்கலாம், அதுக்கு எந்த தடையும் இல்ல.

45,000 விஷயம். ஆஸ்பத்திரில கேக்க வேண்டிய ஒரே கேள்வி, இதை டே கேரா, அதாவது அட்மிஷன் போட்டு அன்னைக்கே அனுப்பற மாதிரி பண்றீங்களா, இல்ல அட்மிஷன் இல்லாம ஓ.பி-ல சின்ன ஆபரேஷன் ரூம்ல பண்றீங்களானு. மரக்க ஊசி போட்டு பண்ற வேலைதான், 24 மணி நேரம் படுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஓ.பி பில்லா வந்தா நெறைய பாலிசில பைசா வராது. பொய்யா அட்மிஷன் கேக்க சொல்லல, அவங்க எப்படி பண்றாங்களோ அதை முன்னாடியே தெரிஞ்சுட்டு இன்சூரன்ஸ் டெஸ்க்ல எழுத்துல வாங்கிக்கங்க. பயாப்சி பில்லையும் பத்திரமா வைங்க, ஆபரேஷனுக்கு முந்தின 30 நாள், பிந்தின 60 நாள் செலவு பல பாலிசில சேரும், உங்களுதுல எத்தனை நாள்னு பாருங்க. க்ளைம் வரலைனாலும் சேலம் ஜி.எச்-ல தோல் பிரிவும் சர்ஜரி பிரிவும் இருக்கு, ரிப்போர்ட்ட எடுத்துட்டு போய் காட்டுறதுல ஒரு குறையும் இல்ல.

சென்னை போய்தான் ஆகணுமா? ஆளை கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி திசுவை அனுப்பலாம். லேப்ல கேட்டா திசுவை மெழுகுல பதிச்ச பிளாக்கும், கண்ணாடி ஸ்லைடும் தருவாங்க, அது உங்க உரிமை, அதை தோல் பயாப்சி நெறைய பாக்கற இன்னொரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட (திசுவை பாத்து ரிப்போர்ட் எழுதற டாக்டர்) குடுத்து ரெண்டாவது கருத்து வாங்கிடலாம். ரூம் வாடகை, கார் வாடகை, பட்டறைக்கு லீவு, எதுவும் இல்ல. மாமியார் வீட்ல மலை மருந்து வெச்சு மச்சத்தை உதிர வைக்கலாம்னு யாராவது சொன்னா மட்டும் கெஞ்சியாவது தடுத்துருங்க, சுட்டு எடுத்துட்டா அப்புறம் லேப்ல பாக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது.

கிரிட்டிகல் இல்னஸ் 10 லட்சம் வராது தம்பி. எல்லா கம்பெனிக்கும் பொதுவா இருக்கற கேன்சர் விளக்கத்துலயே கேன்சருக்கு முந்தின நிலை சேராதுனு இருக்கு, மெலனோமாவே வந்தாலும் தோலோட மேல் அடுக்க தாண்டலைனா சேராது. அந்த 10 லட்சம் கிடைக்காத நிலைமையில உங்க வீட்டம்மா இருக்காங்கன்னு எனக்கு சந்தோஷம்தான். ஆனா அந்த பாலிசிய விட்றாதீங்க, இனி புதுசா கிடைக்கறது கஷ்டம்.

இதை எல்லாம் விட பெரிய செலவு ஒண்ணு நீங்க எழுதவே இல்ல. உள்ளங்கால்ல தையல் போட்டா சில வாரம் ஊனி நடக்க முடியாது. அவங்களும் பட்டறை வேலையில கூட நிக்கறவங்களா இருந்தா கூலி பாதியாகும், சமையல், பையனை பாத்துக்கறது எல்லாம் உங்க மேல வரும், ஆட்டோ செலவு கூடும். ரெண்டு மாச வீட்டு செலவ தனியா எடுத்து வைங்க, பத்தலைனா எஃப்.டிய உடைக்காம அது மேலயே பேங்க்ல லோன் தருவாங்க, வட்டி எஃப்.டி வட்டிய விட கொஞ்சம்தான் கூட. சொந்த வெள்ளிய தொடாதீங்க, அது உங்க முதல், அது போனா கூலிக்கு அடுத்தவங்க கைய மட்டும் பாத்துட்டு உக்காரணும். செக்கப் செலவுக்கு மாசம் 1,000 ரூபா ஆர்.டி ஒண்ணு அவங்க பேர்லயே ஆரம்பிங்க.

ஏன் அவங்க பேர்லனா, அவங்ககிட்ட இன்னைக்கு ராத்திரியே சொல்லிருங்க. 15 பவுன விக்கலாமானு என்கிட்ட கேட்டீங்க, அது அவங்க நகை. மாசா மாசம் காலை, கைய, நகத்தை, முதுகை பாக்க வேண்டியது அவங்க, சின்ன ஆபரேஷன் முடிஞ்சுதுனு நெனச்சா அடுத்த செக்கப்புக்கு எதுக்கு வரப்போறாங்க? பையனை தூங்க வெச்சுட்டு ரிப்போர்ட்ட எடுத்து கேன்சர் இல்லைங்கற வரிய முதல்ல காட்டுங்க, அப்புறம் மத்தத சொல்லுங்க. அழுதா அழட்டும், கூட இருங்க. நீங்களும் இத்தனை நாள் தனியா சுமந்துட்டீங்க.

பாலிசி ரினிவல் தேதி எழுதலையே தம்பி. ஆபரேஷன் தேதி பக்கத்துல வந்தா முதல் வேலையா பிரீமியம் கட்டிருங்க, வருஷ பிரீமியத்தை ஒரே தடவையா கட்டறவங்களுக்கு 30 நாள் கிரேஸ் (தாமதமா கட்ட அவகாசம்) இருந்தாலும் அந்த இடைவெளியில ஆகற செலவுக்கு கவர் கிடையாது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜி.எஸ்.டியும் இல்ல, போன தடவைய விட கொஞ்சம் கம்மியா இருக்கானு பாத்துக்கங்க.