சேவையை நிறுத்தாமல் புது கசாண்ட்ரா கிளஸ்டருக்கு மாறுவது எப்படி?
ஜோஹானஸ்பர்க்கில் ஓடும் கசாண்ட்ரா டேட்டாபேஸின் டேட்டாவை, சேவையை நிறுத்தாமல் டர்பன் ஆபீஸில் வைத்த புதுக் கிளஸ்டருக்கு (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்புக்கு) மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், வரிசைதான் முக்கியம். முதலில் அப்ளிகேஷன் இரண்டு பக்கமும் எழுத ஆரம்பிக்கட்டும், அப்புறம்தான் பழைய கிளஸ்டரின் எல்லா நோடிலும் (சர்வரிலும்) ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல், எடுத்து, எஸ்எஸ்டேபிள்லோடர் என்ற கசாண்ட்ரா கருவியால் புதுப் பக்கத்தில் ஏற்றுங்கள். பழைய டேட்டா தன் டைம்ஸ்டாம்ப்போடேயே (எழுதிய நேரக் குறிப்போடேயே) வருவதால் புதிதாக எழுதியதை மிதிக்காது.

நீக்கிய டேட்டாதான் வில்லங்கம். ஒன்றை நீக்கினால் கசாண்ட்ரா 'இது நீக்கப்பட்டது' என்று ஒரு குறி வைக்கும், அதுதான் டூம்ஸ்டோன். அதை வைத்திருக்க இயல்பான கெடு 864000 விநாடி, அதாவது 10 நாள். ஏற்றும் வேலை அதைத் தாண்டி இழுத்தால், வாடிக்கையாளர் எப்போதோ ரத்து செய்த ஆர்டர் மறுபடி உயிரோடு வந்து நிற்கும், அதனால் வேலை முடியும்வரை புதுப் பக்கத்தில் அந்தக் கெடுவைக் கூட்டி வையுங்கள், தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லோட் ஷெடிங்கில் (மின்வெட்டில்) ஒரு நோடு 3 மணி நேரத்துக்கு மேல் படுத்தால், இயல்பான அமைப்பில் அதற்கான ஹிண்ட், அதாவது அது தவறவிட்ட எழுத்துகளை மற்ற நோடுகள் அதற்காகச் சேர்த்து வைக்கும் குறிப்பு, சேர்வது நின்றுவிடும். எழுந்ததும் ரிப்பேர் (நோடுகளின் டேட்டாவை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை) ஓட்டுங்கள்.