மூடிய தோல் தொழிற்சாலை நிலத்தில் பள்ளி கட்டலாமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை வாணியம்பாடி அருகே மூன்று ஏக்கர் நிலம் வாங்க முன்பணம் கொடுக்கும் நிலையில் உள்ளது. அங்கே இயங்கிய தோல் பதனிடும் தொழிற்சாலை மூடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. தொட்டிகளை இடித்து மண் நிரப்பிவிட்டார்கள். வில்லங்கச் சான்றில் குறை இல்லை. விற்பவர் காட்டும் மண் பரிசோதனை அறிக்கையிலும் குரோமியம் குறைவாகவே உள்ளது. தொடக்கப்பள்ளி கட்ட இவை போதுமா?

பதில்: போதாது. முன்பணம் கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். நிலம் யார் யார் கை மாறியது, யாருக்கு அடமானம் வைக்கப்பட்டது என்பதை வில்லங்கச் சான்று சொல்லும். அந்த நிலத்துக்குள் என்ன கொட்டினார்கள் என்பதை அது சொல்லாது. மண் அறிக்கையைப் பொறுத்தவரை, மாதிரி எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். தொட்டிகளை மூடுவதற்காக லாரியில் கொண்டுவந்து கொட்டிய மேல்மண்ணில் மாதிரி எடுத்திருந்தால், வேறோர் ஊரின் மண்ணைத்தான் பரிசோதித்திருக்கிறார்கள்.

இத்தகைய நிலத்தின் ஆய்வு கடப்பாரையோடு தொடங்குவதில்லை, காகிதத்தோடு தொடங்குகிறது. தொழிற்சாலை எந்த ஆண்டுகளில் இயங்கியது, ஆவாரம்பட்டை முறையில் பதனிட்டதா, குரோம் முறைக்கு எப்போது மாறியது, கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பியதா, இல்லை பின்புறத்தில் குட்டை வெட்டித் தேக்கியதா என்பவற்றை மூலப்பத்திரங்கள், பழைய கட்டட வரைபடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய இசைவாணைகள், பழைய செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றிலிருந்து தொகுக்க வேண்டும். வாரியத்தின் கோப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். அதைவிட முக்கியமாக, அங்கே வேலை செய்தவர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து பேசுங்கள். சுண்ணாம்புத் தொட்டி எங்கே இருந்தது, சேற்றை எந்த மூலையில் காயவைத்தார்கள், மழைக்காலத்தில் எந்த வழியாகத் திறந்துவிட்டார்கள் என்பதை அவர்கள் நிலத்தில் நடந்துகாட்டியே சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரம், கண்மூடித்தனமாகப் போடும் பத்துத் துளைகளை மிச்சப்படுத்தும்.

இந்தத் தகவல்களை வைத்துத்தான் எங்கே துளையிடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பழைய தொட்டிகளின் அடிப்பகுதி, சேறு உலர்த்திய இடம், ரசாயனக் கிடங்கு, டீசல் தொட்டி இருந்த இடம் ஆகிய ஒவ்வொன்றிலும், நிரப்பிய மண்ணைத் தாண்டி இயல்பான நிலம் தொடங்கும் ஆழம்வரை பல மட்டங்களில் மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால் போதாது. குரோமியம் முக்கியமாக இரு வடிவங்களில் இருக்கும். பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் (Cr III) பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அறுவிணைதிறக் குரோமியமோ (Cr VI) நீரில் எளிதில் கரைந்து ஓடும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே அறுவிணைதிறக் குரோமியத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். முடி நீக்கப் பயன்பட்ட சல்ஃபைடு, பழைய தொழிற்சாலை என்றால் ஆர்செனிக், தோல் கெடாமல் இருக்கச் சேர்த்த பூஞ்சைக்கொல்லிகள், உப்பு ஆகியவையும் பட்டியலில் இருக்க வேண்டும்.

பள்ளி என்பதால் ஒரு பழைய நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், லவ் கெனால் என்ற பாதி வெட்டிய கால்வாயில் ஒரு ரசாயன நிறுவனம் 20,000 டன்னுக்கு மேல் கழிவைப் புதைத்து மண் மூடியது. 1953-இல் அந்த நிலத்தை நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. கீழே ரசாயனக் கழிவு இருக்கிறது, இனி வரும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அங்கே பள்ளி எழும்பியது, சுற்றிலும் வீடுகள் வந்தன. கழிவு கசிந்து வெளியே வந்து, 1978-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, பள்ளி மூடப்பட்டு, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நிலம் வாங்கும் முன் அதன் கடந்தகாலத்தை முறைப்படி விசாரிக்கும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியதற்கு இந்தத் துயரமும், அதைத் தொடர்ந்து 1980-இல் வந்த சட்டமும் முக்கியக் காரணங்கள். உங்கள் நிலம் அவ்வளவு மோசமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு வரிகூட இருக்கப்போவதில்லை என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

இன்னொன்று, அவசரமானது: மூடப்பட்ட குழி எதையேனும் தோண்டித் திறக்க நேர்ந்தால் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. தோல் கழிவுச் சேற்றில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சில மூச்சுகளில் உயிரைப் பறிக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணறு ராணிப்பேட்டையில் ஒரு பழைய தொழிற்சாலை நிலத்தை ஒட்டி இருக்கிறது. நீர் மஞ்சளாக இல்லை, தெளிவாகவே இருக்கிறது. அந்த நிலத்தைக் குடியிருப்பு மனைகளாகப் பிரிக்கிறார்கள். நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: உங்கள் ஊரில் மஞ்சள் நீர் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. அது கரைந்து கலந்த நீர்தான் மஞ்சளாகத் தெரியும். ஆனால் குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்கு அதைவிடப் பல மடங்கு குரோமியம் தேவை. ஆகவே நிறத்தை நம்பாமல் நீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறியக் குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து ஒப்பிட வேண்டும் என்பதால், அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மனை பிரிப்பவர் "சுத்தம் செய்துவிட்டோம்" என்றால், எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த அளவுவரை என்று கேளுங்கள். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை வளாகத்தில் மண்ணிலுள்ள பாதரசத்தைக் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைத்தால் போதும் என்ற இலக்கை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. சோலைக் காட்டை ஒட்டிய சரிவுக்கு அது தளர்வானது என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். கிடங்குக்குப் போதுமான அளவு, குழந்தை மண்ணில் விளையாடும் வீட்டுக்குப் போதாது.

மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கு ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்திருக்கிறது. ஐயத்துக்குரிய இடம் பற்றிய தகவல் கிடைத்ததும் 90 நாள்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு நடக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மனைகள் விற்கத் தொடங்குவதற்குள், கிணற்று நீரின் ஆய்வறிக்கையை இணைத்து, மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) மனு அனுப்புங்கள்.