250 + 300 = 250300: பைத்தான் பழகும் கணக்கருக்கு ஒரு பதில்

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவன். மாதாமாதம் பாக்கிப் பட்டியலை எக்செல்லில் கையால் போடுவதற்குப் பதில் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதிவிடலாம் என்று மூன்று மாதமாக வீடியோ பார்த்துப் பழகுகிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. நானாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எழுதினாலும், தப்பே இல்லாத வரியைக் காட்டி எர்ரர் என்கிறது. 250-ஐயும் 300-ஐயும் கூட்டினால் 250300 வருகிறது. வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருக்கும் கோப்பைப் படிக்கவே மறுக்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 7. ஸ்கிரிப்டையும் அனுப்பியிருக்கிறேன். எனக்கு இது வராதோ? ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழிக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். 250300 அங்கேயும் வரும். சொல்லப்போனால் அங்கே இன்னும் எளிதாக வரும். எழுத்தாக இருக்கும் 250-ஐயும் எண்ணாக இருக்கும் 300-ஐயும் கூட்டச் சொன்னால், பைத்தான் முடியாது என்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஒட்டிக் கொடுத்துவிடும். கணக்கு எழுதுகிறவருக்கு எது நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 250300-இலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்புட் கட்டளை வழியாக நீங்கள் தட்டுவது எதுவாக இருந்தாலும், பைத்தான் அதை ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துக்கோவையாகத்தான் வாங்கி வைக்கும். 250 என்று தட்டினால் அதற்குத் தெரிவது இரண்டு, ஐந்து, பூஜ்யம் என்ற மூன்று எழுத்துகள். இரண்டு எழுத்துக்கோவைகளுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டும். ‘ஈரோடு’ கூட்டல் ‘சந்தை’ என்றால் ‘ஈரோடுசந்தை’ வருவதுபோலத்தான் இதுவும். வாங்கியதை, எழுத்தை முழு எண்ணாக்கும் இன்ட் என்ற ஃபங்க்ஷனுக்குள் போட்டு எடுத்தால் 550 வந்துவிடும்.

ஆனால் உங்கள் வேலையில் அது மட்டும் போதாது. உங்கள் பட்டியலில் தொகை 1,25,000 என்று காற்புள்ளியோடு இருக்கும். அதை இன்ட்டிடம் கொடுத்தால் வேல்யூ எர்ரர் என்று திருப்பி அனுப்பிவிடும். முதலில் ரீப்ளேஸ் கட்டளையால் காற்புள்ளியை எடுத்துவிட்டு, அப்புறம் எண்ணாக்குங்கள். பைசாவும் இருந்தால் இன்ட் ஒத்துவராது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது, தப்பே இல்லாத வரியில் எர்ரர். நீங்கள் அனுப்பியிருந்த ஸ்கிரிப்டைப் பார்த்தேன். பைத்தான் குறை சொல்வது 15-ஆம் வரியை. அந்த வரி சுத்தமாக இருக்கிறது. தப்பு 14-ஆம் வரியில். இன்ட்டுக்குள் இன்புட் எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறி இரண்டு திறந்திருக்கிறது, ஒன்றுதான் மூடியிருக்கிறது. அடைப்பு மூடாதவரை பைத்தானுக்கு அந்த வாக்கியம் முடியவில்லை. அது அடுத்த வரிக்கும் போய்த் தேடி, பொருந்தாத ஒன்றைப் பார்த்ததும் அங்கே நின்று கூச்சல் போடுகிறது. ஆகவே சின்டாக்ஸ் எர்ரர், அதாவது எழுதிய விதத்தில் தப்பு, என்று வந்தால் காட்டிய வரியைப் பாருங்கள், பிறகு அதற்கு மேல் வரியைப் பாருங்கள்.

இதில் உங்கள் மீது பாதித் தப்புதான். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு பைத்தான் 3.8. 2021 அக்டோபரில் வந்த 3.10-இலிருந்து இந்தச் செய்திகளை நன்றாகத் திருத்திவிட்டார்கள். இதே தப்புக்கு அது 14-ஆம் வரியையே காட்டி, ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை’ என்று சொல்லும். பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினால் ‘இதைத்தானா சொல்ல வந்தீர்கள்’ என்றுகூடக் கேட்கும். வீட்டில் புதிய லேப்டாப் இருந்தால் அதில் பழகுங்கள். பழைய பதிப்பில் பழகுவது மங்கலான கண்ணாடி போட்டுக்கொண்டு பேரேடு படிப்பது மாதிரி.

நீளமான டிரேஸ்பேக், அதாவது தப்பு எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல், வந்தால் பயந்து மூடிவிடாதீர்கள். அதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். என்ன தப்பு என்பது கடைசி வரியில் இருக்கும். அதற்கு மேலே உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். நடுவில் பைத்தானின் சொந்தக் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். தப்பு அங்கே இருப்பது அபூர்வம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்கள் ஸ்கிரிப்ட் கோப்புக்கு சிஎஸ்வி என்றே பெயர் வைத்து, உள்ளே சிஎஸ்வி மாட்யூலை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்புகளைப் படிக்க பைத்தானோடு வரும் ஆயத்த நிரல்) இம்போர்ட் செய்திருக்கிறீர்கள், அதாவது வரவழைத்திருக்கிறீர்கள். பைத்தான் அந்தப் பெயரை முதலில் தேடுவது உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில்தான். அங்கே அதே பெயரில் உங்கள் கோப்பே இருப்பதால், உண்மையான மாட்யூலை விட்டுவிட்டு அதையே இம்போர்ட் செய்துகொள்கிறது. பிறகு அதில் கோப்பைப் படிக்கும் ரீடர் இல்லை என்று புலம்புகிறது. சிரிக்காமல்தான் சொல்கிறேன், ஏனென்றால் பழகிய காலத்தில் ரேண்டம் என்ற இன்னொரு மாட்யூலின் பெயரையே ஒரு கோப்புக்கு வைத்து அரை நாளைத் தொலைத்தவன் நான். பாக்கிப்பட்டியல் என்பதுபோல வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் வேர்டிலும் இருந்து காப்பி செய்யும் நிரலில் மேற்கோள்குறிகள் வளைந்துபோயிருக்கும், வரி முன்னால் விட்ட இடமும் தொலைந்திருக்கும். வளைந்த குறி பைத்தானுக்கு ஆகாது. முன்னிடத்துக்கு எப்போதும் நான்கு ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், டேபைக் கலக்காதீர்கள். எதுவானாலும் கையால் தட்டுவதுதான் நல்லது.

இப்போது தமிழ்ப் பெயர்கள். கோப்பு சேமிக்கப்பட்டிருப்பது, எல்லா மொழி எழுத்துகளையும் எண்களாக வைக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில். அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (ம ஒன்று, உகரக் குறி ஒன்று என்று தனித்தனியாக) மூன்று பைட், அதாவது மூன்று சேமிப்பு அலகு, ஆகும். ஆனால் நம் ஊர் விண்டோஸில் 3.8 பைத்தானிடம் வெறுமனே ஓப்பன் என்று சொன்னால், அது ஆங்கிலத்துக்கும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும் செய்த பழைய 1252 என்ற அட்டவணையை வைத்துப் படிக்கும். அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. பதினாறு அடிமான எண்ணில் சொன்னால், நம் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி, உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. இரண்டுமே காலி இடத்தில் போய் விழுகின்றன. அதனால்தான் ‘ராதா’ என்ற பெயர் ஏதோ கோணல்மாணலான எழுத்துகளாகவாவது வருகிறது, ‘முருகன்’ வந்ததும் எர்ரர் அடித்து நிற்கிறது. உங்கள் பட்டியலில் புள்ளியும் உகரமும் இல்லாத பெயர் எத்தனை இருக்கப்போகிறது!

தீர்வு ஒரு வரி. ஓப்பன் கட்டளையில் கோப்பின் பெயருக்குப் பிறகு என்கோடிங் என்று எழுதி, யுடிஎஃப்-8-சிக் என்று குறிப்பிடுங்கள். கடைசியில் வரும் அந்த சிக் எதற்கு? எக்செல், யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போட்டுவிடும். வெறும் யுடிஎஃப்-8 என்று திறந்தால் அந்தக் குறி முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். திரையில் ‘பெயர்’ என்ற தலைப்பு அப்படியே தெரியும், பைத்தான் மட்டும் அப்படி ஒரு தலைப்பே இல்லை என்று சாதிக்கும். சிக் சேர்த்தால் அந்தக் குறியை உதறிவிடும். இன்னொரு எச்சரிக்கை: எக்செல்லில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காமல் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அப்புறம் பைத்தானால் ஒன்றும் மீட்க முடியாது.

பெயர்களை ஒரே அகலத்தில் அச்சிடப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். ‘செல்வம்’ நமக்கு நான்கு எழுத்து. நீளத்தை எண்ணும் லென் ஃபங்க்ஷன் 7 என்று சொல்லும், கொம்பையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுவதால். எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஓபன்-தமிழ் என்ற நூலகம் இருக்கிறது. இப்போதைக்கு அதற்குள் போக வேண்டாம், அச்சிடாமல் மறுபடியும் சிஎஸ்வியாகவே எழுதி எக்செல்லில் திறந்துகொள்ளுங்கள்.

சரி, கை ஓடவில்லை என்றீர்களே. இது எர்ரர்களைவிடப் பெரிய விஷயம். நீங்கள் டேலி கற்றது பக்கத்து சீட்காரர் போடுவதைப் பார்த்தா, வவுச்சர் போட்டுப் போட்டா? வீடியோவில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற முடிவை வேறொருவர் எடுத்துவிடுகிறார். உங்களுக்கு மிஞ்சுவது தட்டச்சு மட்டும். முடிவெடுக்கும் பழக்கம் வராததால்தான் வெற்றுத் திரை மிரட்டுகிறது.

ஒரு வழி சொல்கிறேன். புதிய கோப்பில் பைத்தானே எழுதாதீர்கள். தமிழில், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஹேஷ் குறி போட்டு எழுதுங்கள். கோப்பைத் திற. ஒரு வரியை எடு. பெயரையும் தொகையையும் பிரி. காற்புள்ளியை நீக்கு. ஒரே பெயருக்கு வந்தவற்றைக் கூட்டு. பட்டியலை எழுது. ஹேஷ் இருப்பதால் பைத்தான் இவற்றைத் தொடாது. இப்போது முதல் வாக்கியத்துக்கு மட்டும் கீழே நிரல் எழுதி, ஓட்டி, பிரிண்ட் போட்டுப் பாருங்கள். சரியாக வந்த பிறகே இரண்டாவது. அறுபது வரி எழுதிவிட்டு ஓட்டினால் அறுபதிலும் தேட வேண்டும். இரண்டு வரிக்கு ஒருமுறை ஓட்டினால் தேடுவதற்கு இரண்டே வரி. மாறிகளுக்கும், அதாவது மதிப்புகளை வைக்கும் பெயர்களுக்கும், தமிழிலேயே பாக்கி, மொத்தம் என்று பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். அலுவலகத்தில் வேறு யாரும் அந்த ஸ்கிரிப்டைத் தொடப்போவதில்லை என்றால் தாராளமாக வையுங்கள்.

கடைசியாக, பைசா. ஃப்ளோட் என்ற தசம வகை எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். கம்ப்யூட்டர் பின்னங்களை இரண்டின் அடிமானத்தில் வைத்திருப்பதால் வரும் விளைவு இது. ரவுண்ட் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைப்பீர்கள். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது: பைத்தான் 3-இல் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 3 வராது, 2 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வழக்கம். உங்கள் முதலாளி 3 என்றுதான் எதிர்பார்ப்பார். டெசிமல் என்ற மாட்யூலைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் எல்லாத் தொகையையும் பைசாவாக்கி முழு எண்ணிலேயே கணக்குப் போடுங்கள். முதல் இரண்டு மாதம் பழைய எக்செல் பட்டியலையும் கூடவே போட்டு வாருங்கள். இரண்டுக்கும் ஒரு ரூபாய் இடித்தால், முதலில் இந்த ரவுண்டைத் தேடுங்கள்.