ஸ்விங் ஆடிப் பழகலாம்: வாசகர் கேள்வி பதில்

ஜோடியாக ஆடும் ஸ்விங் நடனத்தைப் பற்றி மதுரை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், புதிதாகக் கற்பவர்களுக்கு உதவக்கூடியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஜோடியில் அசைவைத் தொடங்கிவைப்பவரை ‘நடத்துபவர்’ என்றும், அதை வாங்கி ஆடுபவரைத் ‘தொடர்பவர்’ என்றும் குறிப்பிடுகிறோம். இதில் ஆண் பெண் கணக்கு இல்லை. அக்காவும் தங்கையும் ஆடலாம், மனைவி நடத்தக் கணவர் தொடரலாம்.

கேள்வி: லிண்டி ஹாப், ஜைவ், ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?
– வாசகர், கே.கே. நகர்

எல்லாம் ஒரே குடும்பம். மூத்தது லிண்டி ஹாப். 1920களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் உருவாக்கியது. 1926இல் திறந்து 1958இல் மூடப்பட்ட சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடம்தான் அதன் தாய்வீடு. நிறம் பார்த்து மக்களைப் பிரித்துவைத்திருந்த அந்தக் காலத்திலேயே கறுப்பர், வெள்ளையர் இருவரும் ஒரே தளத்தில் ஆடிய இடம் அது. ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங், வகுப்பில் கற்பிக்க எளிதாக ஆறு தட்டில் (தட்டு என்பது இசையின் ஒரு துடிப்பு, ‘பீட்’) அமைத்துக்கொண்ட வடிவம். ஜைவ், போட்டி மேடைக்காக வேகமேற்றப்பட்டது. அதில் நிமிடத்துக்கு 170 தட்டு அளவில் பாட்டு ஓடும், முழங்காலை உயர்த்தி உயர்த்தி ஆட வேண்டும்.

ஆறு தட்டு அடியில் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதம் அது காலில் ஊறிய பிறகு லிண்டியின் எட்டு தட்டுக்குப் போகலாம். போட்டி ஜைவில் ஆரம்பிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வேகத்தைச் சமாளிக்கவே கவனம் போய்விடும், ஜோடியைக் கவனிக்க மிச்சம் இருக்காது.

கேள்வி: வீடியோ பார்த்து நானும் கணவரும் ஆறு தட்டு அடியைப் பழகுகிறோம். எண்ணிக்கை சரியாக வருகிறது. ஆனால் ஆட்டம் போல இல்லை, போலீஸ் அணிவகுப்பு போல இருக்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, திருநகர்

முதலில் அடியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் 1இல் இடதுகாலைச் சற்றுப் பின்னால் வைப்பார். 2இல் எடையை மறுபடி வலதுகாலுக்குக் கொண்டுவருவார். 3, 4 என்ற இரண்டு தட்டுக்குள் இடது–வலது–இடது என மூன்று சிற்றடி. 5, 6க்குள் வலது–இடது–வலது என இன்னொரு மூன்று. தொடர்பவருக்கு இதே வரிசை, கால் மட்டும் எதிர்: அவர் வலதுகாலில் தொடங்குவார்.

அணிவகுப்பு போலத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மூன்று சிற்றடிகள்தான். அவற்றைச் சம இடைவெளியில் வைக்கிறீர்கள். ஸ்விங் இசையின் ஒவ்வொரு தட்டும் உள்ளுக்குள் மூன்றாகப் பிரியும். நம் திஸ்ர நடையைப் போல. இரண்டு தட்டை ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘த’வில் ஓரடி, ‘கி’யில் சும்மா இருக்க வேண்டும், ‘ட’வில் ஓரடி, அடுத்த ‘த’வில் ஓரடி. அதாவது நீளம், குட்டை, நீளம். வாயால் சொல்லிக்கொண்டே பத்து நிமிடம் நின்ற இடத்தில் மிதித்தால் பிடிபட்டுவிடும். கும்மியும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல.

இரண்டாவது காரணம், எடை முழுதாக மாறாமல் இருப்பது. ஆறு தட்டுக்குள் எட்டு முறை எடை கால் மாற வேண்டும். எட்டு இரட்டைப்படை என்பதால், ஒவ்வொரு சுற்று முடியும்போதும் நடத்துபவரின் இடதுகால் எடையில்லாமல் தயாராக நிற்கும். வலதுகால் அப்படி நின்றால் நடுவில் ஒரு மாற்றம் விட்டுப்போயிருக்கிறது. சோதிக்க வழி உண்டு: எந்த அடியிலும் சட்டென்று நின்று மற்றக் காலைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் எடை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

வேகத்தையும் பாருங்கள். பாட்டின் தட்டுகளை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 120 முதல் 140 வரை புதியவர்களுக்கு ஏற்றது. 160ஐத் தாண்டினால் மூன்று சிற்றடிக்குப் பதில், இரண்டு தட்டுக்கு ஒரே அடி வைத்து ஆடலாம், தவறில்லை. செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் பழகாதீர்கள். பேஸ் என்னும் தாழ்சுரத் தந்திக் கருவியும் டிரம்மும்தான் காலை நடத்துபவை. போனில் அவைதான் கேட்காது.

கேள்வி: ஆறு தட்டில் ஆடினால் பாட்டின் எட்டு தட்டுச் சுற்றோடு முட்டுகிறதே?
– வாசகர், வில்லாபுரம்

முட்டத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஆறு தட்டு அடியை நான்கு முறை ஆடினால் 24. எட்டின் மூன்று சுற்றும் 24. அங்கே இரண்டும் ஒன்றாக வந்து இறங்கும். எட்டு தட்டுள்ள ஆதி தாளத்துக்குள் ஆறு ஆறாக வாசித்துச் சமத்துக்கு வருவதைக் கேட்டவர்களுக்கு இதன் சுகம் தெரியும்.

ஒரே ஒரு விதி: ஒற்றைப்படைத் தட்டில் தொடங்குங்கள். 1, 3, 5, 7 எதுவும் சரி. ஆறு இரட்டைப்படை என்பதால் பிறகு எப்போதும் ஒற்றைப்படையிலேயே விழும். இரட்டைப்படையில் தொடங்கினால் பாட்டு முழுக்க இசைக்கு எதிராக ஆடுவீர்கள். இந்த இசையில் அழுத்தம் 2லும் 4லும் விழுகிறது. கைதட்டுவதும் அங்கேதான். இரண்டு பாட்டுக்கு 2, 4இல் கைதட்டி மட்டும் பழகிவிட்டு, பிறகு காலை எடுங்கள்.

கேள்வி: ஆடி முடித்தால் தோள் வலிக்கிறது. அவர் இழுக்கிறார் என்கிறேன் நான், நீதான் இழுக்கிறாய் என்கிறார் அவர்.
– வாசகி, மேலூர்

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பின்னால் வைக்கும் முதல் அடியின் நீளத்தை அளந்து பாருங்கள். ஆறு அங்குலத்துக்கு மேல் போக வேண்டியதில்லை, முன்பாதம் ஊன்றினால் போதும். பன்னிரண்டு, பதினெட்டு அங்குலம் பின்னால் போனால் உடல் சாய்ந்துவிடும். நான்கு கைகளும் நீண்டு முழங்கை மூட்டு பூட்டிக்கொள்ளும். திரும்பி வருவதற்கு இருவருக்கும் இழுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த இழுப்பு முழுவதும் தோளில் இறங்கும்.

பிடிப்பும் முக்கியம். நடத்துபவரின் இடதுகை விரல்கள் கொக்கிபோல் வளைந்து மேல்நோக்கி இருக்கட்டும், தொடர்பவரின் வலதுகை விரல்கள் அதில் தொங்கட்டும். கட்டைவிரலால் அமுக்காதீர்கள். முழங்கை உடலுக்கு முன்னாலேயே, மடங்கியே இருக்க வேண்டும். நடத்துபவர் கையால் ஜோடியை நகர்த்தக் கூடாது. தன் உடலை நகர்த்தினால் கை தானாகச் செய்தி சொல்லும்.

ஓரடி நீளத்தில் நாளிதழ்த் துண்டைக் கிழித்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அடியை ஆடிப் பாருங்கள். கிழிந்தால் யாரோ இழுக்கிறீர்கள். தொய்ந்து தொங்கினால் இருவருக்கும் இடையே தொடர்பே இல்லை. லேசான விறைப்போடு பாட்டு முடியும்வரை தாங்கினால் அதுதான் சரியான அளவு. எந்த வாக்குவாதத்தையும் அந்தத் துண்டுக் காகிதம் தீர்த்துவைக்கும்.

கைக்கு அடியில் சுற்றும்போதும் தோள் மாட்டும். இரண்டாவது தட்டின் முடிவிலேயே நடத்துபவர் கையைத் தூக்கிவிட வேண்டும். தொடர்பவர் 3, 4இல் தன் வலப்பக்கமாகச் சுற்றுவார். கை, தொடர்பவரின் தலைக்குச் சற்று மேலே நின்றால் போதும், பம்பரம் சுற்றிவிடுவது போல் சுழற்ற வேண்டியதில்லை. விரல் தளர்வாக இருந்தால் உள்ளேயே வழுக்கித் திரும்பும். கையைத் தாமதமாகத் தூக்கினால் முழங்கை காதுக்குப் பின்னால் போய்த் தோள் முறுக்கிக்கொள்ளும். வலி சில நாளில் அடங்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பரதம் எட்டு வருடம் படித்திருக்கிறேன். ஊரில் ஒயிலாட்டமும் ஆடியதுண்டு. இது சுலபமாக வருமா?
– வாசகி, அலங்காநல்லூர்

தாளம் உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அது பெரிய பாதி. மாற்றிக்கொள்ள வேண்டியவை சில. பரதத்தின் அரைமண்டி நிலையில் முழங்கால் பக்கவாட்டில் திறக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். இங்கே முழங்கால் நேர் முன்னால் பார்க்கும், உடல் சற்று முன்சாயும், பந்தைப் பிடிக்கத் தயாராக நிற்பவரைப் போல. தட்டடவில் ஒரே காலை இரண்டு மூன்று முறை தட்டுவீர்கள். ஸ்விங் அடிப்படை அடியில் வைத்த காலுக்கு எடை போயே ஆக வேண்டும். தரையை ஓங்கி மிதிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். துள்ளல் மேலே எழும்புவதால் வருவதில்லை, முழங்கால் இளகிக் கீழே இறங்குவதால் வருகிறது. ஒயிலாட்டத்தில் வரிசையைப் பார்த்து ஆடியிருப்பீர்கள். இங்கே அடுத்த அசைவு என்னவென்று முன்கூட்டித் தெரியாது, ஊகிக்கவும் கூடாது. தேர்ந்த நடனக்காரர்களுக்கு இதுதான் கடினம்.

கேள்வி: எந்தத் தரை, எந்தச் செருப்பு?
– வாசகர், உசிலம்பட்டி

செருப்பு கூடாது, காலைக் கவ்வும் கேன்வாஸ் ஷூ வேண்டும். ஆனால் அதன் ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும். பாதம் நிற்க உடல் திரும்பினால் முறுக்கு முழங்காலுக்குப் போகும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, முன்பாதப் பகுதியில் மெல்லிய தோலைச் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள், மண் ஏறினால் வீண். காவி பூசிய வழவழப்பான சிமென்ட் தரை அருமையானது, மொசைக்கும் நல்லது. டைல்ஸில் வெறும் சாக்ஸோடு ஆடவே கூடாது. பவுடர் தூவுவதும் ஆபத்து, ஓரிடத்தில் வழுக்கி ஓரிடத்தில் பிடிக்கும்.

மொட்டைமாடியில் அடிப்படை அடி மட்டும் போதும். தட்டோட்டு இடுக்கில் கால் மாட்டும், சுற்ற வேண்டாம். சித்திரை மாதத்தில் அங்கே இருட்டிய பிறகும் தரைச் சூடு அடங்காது. விடிகாலையில் ஆடுங்கள். ஒரு ஜோடிக்கு எட்டடிக்கு ஆறடி இடம் தாராளம்.

கேள்வி: வீடியோவில் ஜோடியைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுகிறார்களே, எப்போது கற்கலாம்?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

அதை 1935இல் சவாயில் முதன்முதலாக ஆடிக் காட்டியவர்கள் லிண்டி ஹாப் நடனக்காரர்களான பிராங்கி மேனிங்கும் ஃபிரீடா வாஷிங்டனும். இருவரும் முதுகோடு முதுகு சேர்த்து, மேனிங் அவரைத் தன் முதுகின் மேல் உருட்டி இறக்கினார். தனியாகப் பலமுறை பழகிய பிறகே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். தடித்த மெத்தையும், பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆளும், கற்றுத்தரப் பயிற்சியாளரும் இல்லாமல் தொடவே வேண்டாம். பலர் ஆடும் தளத்தில் ஒருபோதும் கூடாது.

கேள்வி: ஜோடிக்கு ஆள் இல்லை. தனியாகப் பழக முடியுமா?
– வாசகி, வாடிப்பட்டி

முக்கால்வாசி முடியும். குளியல் துண்டை ஜன்னல் கம்பியில் இடுப்புயரத்தில் கட்டி, மறுமுனையை வலதுகை விரல்களில் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னடி வைக்கும்போது துண்டு மெல்ல விறைக்கும். அந்த விறைப்பு உங்களை முன்னே அழைக்கும்வரை காத்திருந்து வாருங்கள், நீங்களாக முந்தாதீர்கள். தினம் பதினைந்து நிமிடம், மூன்று பாட்டு. துப்பட்டாவைக் குறுக்காக இழுத்து இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவைத்துவிடுங்கள். ஜோடி கிடைத்த பிறகும் இவை இரண்டையும் மறக்க வேண்டாம், விரல் கொக்கிக்குள் மோதிரம் சிக்கினால் தோல் பிய்ந்துவிடும்.